களப்புச் சேற்றில் பூட்டிக் கிடக்கும் உலோகம்

புத்தளம் மாவட்டத்தில் செம்புச் சுரங்கம் இல்லை. ஈயமும் நாகமும் தோண்டுவாரும் இல்லை. அறுவக்காட்டில் சுண்ணக்கல் வெட்டுகிறார்கள், பாலாவியில் அதைச் சீமெந்தாக்குகிறார்கள், களப்போரத்தில் உப்பு விளைகிறது, நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரி எரிகிறது, கற்பிட்டி மணலில் மிளகாயும் வெங்காயமும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. சுரங்கத்து உலோகம் ஓடைகளில் வாழும் நுண்ணங்கிகளை என்ன செய்கிறது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆராய்ச்சிகள் இந்தக் கரைக்கு எதற்கு என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஓடைகளைக் கெடுத்த அதே இரசாயனம், அதே வகைப் பற்றீரியாக்களை எதிர்பார்த்தபடி, கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து விழும் களப்பின் கரிய சேற்றுக்குள் கிடக்கிறது. சுரங்கம் வெட்டாமலேயே அதைக் கிளப்பிவிடும் வேலைகளை நாற்பது ஆண்டுகளாக இங்கே செய்து வருகிறோம். அதை அளப்பதற்கோ, களப்புத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதித்துவிட்டு ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று எழுதிவைக்கும் முறையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம்.

முதலில் சுரங்க ஓடையைப் பார்ப்போம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று என்ற கனியம் நிலத்துக்கடியில் காற்றுப் படாதவரை கல்லோடு கல்லாகக் கிடக்கும். தோண்டிக் காற்றுக்கும் மழைக்கும் காட்டினால் அதிலிருந்து கந்தக அமிலம் ஊறத் தொடங்கும். வெறும் இரசாயனத் தாக்கம் என்று எண்ணப்பட்டிருந்த இந்த வேலையில் உயிர்களுக்கும் பங்குண்டு என்பது 1947-இல் தெரியவந்தது. மேற்கு வேர்ஜினியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த நீரில், இரும்பை ஒட்சியேற்றிப் பிழைக்கும் பற்றீரியா ஒன்றைக் கோல்மர், ஹிங்கிள் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். இன்று அதன் பெயர் அசிடிதயோபசிலஸ் ஃபெரோஒட்சிடன்ஸ். அமில நீரில் இரும்பு தானாக ஒட்சியேறுவது மிக மெதுவாக நடக்கும். இந்தப் பற்றீரியாக்கள் புகுந்தால் அந்த வேகம் பத்து இலட்சம் மடங்கு வரை கூடுகிறது என்று சிங்கரும் ஸ்டம்மும் 1970-இல் எழுதினார்கள். ஸ்பெயினின் தென்மேற்கில் சுமார் 100 கிலோமீற்றர் தூரம் சிவப்பாக ஓடும் ரியோ டின்டோ ஆறு இப்படித்தான் ஆயிற்று. அதன் கரையில் சுரங்கத் தொழில் தொடங்கிச் சுமார் 5,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆற்றின் பீ.எச். பெறுமானம் இன்றும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கிறது.

அமிலம் வந்தால் உலோகமும் வரும். புளி போட்டுத் தேய்த்தால் செம்புக் குடத்தின் களிம்பு கரைந்து வருவதுபோல, பாறையிலும் சேற்றிலும் ஒட்டிக் கிடந்த செம்பு, நாகம், கட்மியம், அலுமினியம் எல்லாம் அமிலத்தில் கரைந்து நீரோடு இறங்குகின்றன. கரைந்த உலோகம்தான் நுண்ணங்கியின் உடலுக்குள் நுழையக்கூடியது. உள்ளே போன செம்பு, நொதியங்களின் நடுவில் இருக்கும் இரும்பு–கந்தகக் கட்டமைப்பைக் குலைக்கிறது. கட்மியம் நாகம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆசனிக்கு, பொஸ்பேற்றைப் போன்ற உருவத்தில் இருப்பதால் பொஸ்பேற்று நுழையும் வழியாலேயே நுழைந்துவிடுகிறது.

எல்லா நுண்ணங்கிகளும் இதில் மடிந்துவிடுவதில்லை. சிலவற்றிடம் உலோகத்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்கள் உண்டு. சில, இரசத்தை ஆவியாக்கிக் காற்றில் விட்டுவிடும். பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் ஒரு நாகத் தொழிற்சாலையின் படிவுத் தொட்டியிலிருந்து 1976-இல் பிரித்தெடுத்த பற்றீரியா ஒன்று பல உலோகங்களை ஒருசேரத் தாங்கியது. அதன் பெயரே கூப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்றாயிற்று. ஆக, உலோகம் விழுந்த ஓடையில் நுண்ணங்கிகளின் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாமலே இருக்கக்கூடும். மாறுவது அங்கே யார் வாழ்கிறார்கள் என்பது. பல இனங்கள் இருந்த இடத்தைத் தாக்குப்பிடிக்கும் சில இனங்கள் பிடித்துக்கொள்கின்றன. போன இனங்கள் செய்துவந்த வேலையும் அவற்றோடு போகிறது. கொலராடோ மலையோடைகளில் நாகமும் உலோகப் படிவும் மிகுந்த இடங்களில், உதிர்ந்த இலைகள் மக்குவது மந்தமாகிவிடுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இலையை முதலில் மென்மையாக்கித் தருவது நீரில் வாழும் பூஞ்சணங்கள். அவை தளர்ந்தால் இலையைத் தின்னும் பூச்சிக்கு இரை இல்லை, பூச்சியைத் தின்னும் மீனுக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கும் சேதம் கண்ணுக்குத் தெரியும்போது மிகவும் பிந்திவிடுகிறது.

இனிப் புத்தளம். களப்பின் பரப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர். பெரும்பகுதியில் ஆழம் இரண்டு மீற்றரைத் தாண்டாது. கலா ஓயா விழும் கங்கேவாடிப் பக்கத்தில் நாட்டின் மிகப் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று நிற்கிறது. அங்கே வற்று நேரத்தில் ஒரு கைப்பிடிச் சேற்றைச் செங்குத்தாக வெட்டி எடுத்துப் பார்த்தால் ஆய்வுகூடம் இல்லாமலேயே பாதி விஷயம் விளங்கும். மேலே சில மில்லிமீற்றர் மட்டும் மண்ணிறம். அதற்குக் கீழே சாம்பல் நிறம், பிறகு மையைக் கரைத்து ஊற்றியது போன்ற கருமை. அழுகிய முட்டை நாற்றம் அந்தக் கருமையிலிருந்துதான் எழுகிறது. நண்டு வளை ஒன்று குறுக்கே போயிருந்தால் அந்த வளையின் சுவரில் மட்டும் செம்பழுப்பு வளையம் தெரியும், நண்டு கொண்டுவிட்ட ஒட்சிசன் அங்கே இரும்பைத் துருவாக்கியிருப்பதால். கண்டல் வேரைச் சுற்றியும் இதே செம்பூச்சைக் காணலாம்; வேர் தன் பங்குக்கு ஒட்சிசனைக் கசியவிடுகிறது.

அந்தக் கருமையை உண்டாக்குபவை சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள். 1895-இல் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பைஜரிங் என்ற நுண்ணுயிரியலாளர் இவற்றை முதலில் அடையாளங் கண்டார். நாம் ஒட்சிசனைச் சுவாசிக்கிறோம். இவை சல்பேற்றைச் சுவாசிக்கின்றன. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது, ஆகவே களப்பில் அதற்குப் பஞ்சமே இல்லை. உணவுக்குக் கண்டல் இலையும் வேரும் மக்கிக் கிடக்கின்றன. இரும்பை வரண்ட வலயத்தின் செங்கபில மண்ணிலிருந்து ஓயாக்கள் கொண்டுவருகின்றன. இம்மூன்றும் ஒட்சிசன் புகாத சேற்றில் கூடும்போது இரும்புச் சல்பைட்டு உண்டாகிறது, காலம் செல்லச் செல்ல அது பைரைற்றாகிறது. ஆம், சுரங்கக்காரர் தோண்டி எடுத்து ஆற்றைக் கெடுத்த அதே பைரைற்று. இங்கே பாறைக்குள் இல்லை; நுண்துகளாகச் சேற்றோடு கலந்து, முழங்கால் ஆழத்திலேயே இருக்கிறது.

இதில் நமக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஓயாக்களோடும் கழிவோடும் வந்து சேரும் செம்பு, ஈயம், நாகம், கட்மியம் ஆகியவை இந்தச் சல்பைட்டோடு சேர்ந்து கரையாத சேர்வைகளாகிவிடுகின்றன. கரையாத உலோகம் உயிர்களுக்குள் எளிதில் போகாது. களப்புத் தண்ணீரில் உலோகம் குறைவாகத் தெரிவதற்கு இந்தச் சேறு ஒரு முக்கிய காரணம். தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு நாம் அடையும் நிம்மதி, சேற்றுக்குள் பற்றீரியாக்கள் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கும் வேலையால் கிடைத்தது. ஒட்சிசன் உள்ளே போகாதவரைதான் அந்த வேலை நிலைக்கும்.

ஒட்சிசனை உள்ளே விட்டது இறால் பண்ணை. 1980-களின் தொடக்கத்தில் சிலாபம், முந்தல், உடப்பு, புத்தளம் என்று இந்தக் கரை நெடுகிலும் பண்ணைகள் எழுந்தன. கண்டல் நிலத்தையும் உவர்ச் சதுப்பையும் வெட்டிக் குளமாக்கி, வெட்டிய மண்ணையே அணையாகப் போட்டார்கள். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவு நீரை அதே கால்வாயில் விட்டார்கள். 1996-இல் வெண்புள்ளி நோய் வந்து தொழிலைச் சாய்த்தது. அந்தக் கதை பலருக்கும் தெரியும், நட்டப்பட்ட குடும்பங்கள் இன்றும் இந்தக் கரையில் இருக்கின்றன. அந்த அணைகளின் மண்ணைப் பற்றித்தான் போதுமான பேச்சு எழவில்லை. நூற்றாண்டுகளாக நீருக்கடியில் இருந்த கரிய சேற்றை வெயிலில் குவித்து வைத்தால் அதன் பைரைற்று ஒட்சியேறும், சுரங்கக் கழிவு மேட்டில் நடப்பது அப்படியே நடக்கும். வெண்மஞ்சள் நிறத்தில் ஜரோசைற்று என்ற படிவு திட்டுத்திட்டாகப் பூக்கும்.

அறுவடை முடிந்ததும் குளத்தை வற்றவைத்து, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட்டு, உழுதுவிடுவது பண்ணைக்காரர்களின் வழக்கம். நோய்க்கிருமியை அழிப்பதற்கு அது நல்ல முறைதான். ஆனால் பைரைற்று கொண்ட இத்தகைய மண்ணில் (அமிலச் சல்பேற்று மண் என்பார்கள்) அதே முறை ஒவ்வொரு போகத்திலும் புதிய பைரைற்றைக் காற்றுக்குக் காட்டுகிறது. ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை இந்தக் கரையில் மழை அரிது. அணை மண் காய்ந்து பிளக்கிறது, பிளவு வழியாகக் காற்று இறங்குகிறது, அமிலம் திரள்கிறது. ஐப்பசியில் முதல் மழை அதை ஒரே அடியாகக் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவி இறக்குகிறது. பீ.எச். இறங்கும்போது அலுமினியம் கரைந்து இறாலின் செவுள்களை அடைக்கிறது. குளத்தில் சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டியிருப்பது இதனால்தான். வெண்புள்ளி நோய் ஒரு வைரசால் வருவது. அமிலத்தின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. ஆனால் பீ.எச். ஏறி இறங்கும் குளத்தில் நலிந்து நிற்கும் இறால் எந்த நோய்க்கும் எளிதில் இரையாகும்.

இலங்கைக்கு இது புதுப் பாடமும் அல்ல. மாத்தறையில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க 1980-களில் அணை கட்டி, பம்பி வைத்து, தாழ்நிலங்களின் நீரை இறைத்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதும் அடியில் இருந்த பைரைற்றுச் சேறு காற்றைக் கண்டது. வயல்கள் அமிலமேறிக் கைவிடப்பட்டன. வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட திட்டம் நெல்லை அழித்தது. கேரளத்தின் குட்டநாட்டு விவசாயிகளுக்கும் வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்து விவசாயிகளுக்கும் இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் புத்தளத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தின் வடபாதி மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் நிற்கிறது. அறுவக்காட்டுக் கல்லகழ்வும் அதை நம்பி எழுந்த பாலாவிச் சீமெந்து ஆலையும் அதற்குச் சாட்சி. சுண்ணக்கல் அமிலத்தை அடக்கும். கடல்நீரும் காரத்தன்மை உள்ளது, பீ.எச். 8-க்குச் சற்று மேல். ரியோ டின்டோவைப் போல ஓர் ஓடை இங்கே சிவந்து ஓடாமல் இருப்பதற்கு இவையே காரணம். அமிலம் குளத்துக்குள்ளும் வாய்க்காலின் மூலையிலும் வந்துபோகும், களப்பை எட்டும் முன் தணிந்துவிடும். தணியும் இடத்தில் உலோகம் மீண்டும் படிந்து சேற்றுக்குள் போகும்.

ஆனால் சுண்ணக்கல்லின் காவல் எல்லா உலோகத்துக்கும் செல்லாது. செம்பும் ஈயமும் கார நீரில் படிந்துவிடும். ஆசனிக்கு, செலேனியம், மொலிப்டினம், ஆறு வலுவளவுக் குரோமியம் ஆகியவை கார நீரிலும் கரைந்தே பயணம் செய்யக்கூடியவை. இவை எல்லாமே நிலக்கரிச் சாம்பலில் இருப்பவை. நம் கரையில் சுரங்கம் இல்லாவிட்டாலும், வேறு நாடுகளின் சுரங்கங்களிலிருந்து எடுத்த நிலக்கரி கப்பல் கப்பலாக இங்கே வருகிறது.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் 300 மெகாவாற்று அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் சேர்ந்து 2014-இல் 900 மெகாவாற்று ஆனது. முழுமூச்சில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 22 இலட்சம் தொன் நிலக்கரி வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து பாஜ்களில் இறக்கும் வேலை மற்ற மாதங்களில்தான் நடக்கிறது. எரிந்தபின் மிஞ்சும் பறக்கும் சாம்பலின் ஒரு பகுதி சீமெந்துக்குப் போகிறது. மிகுதி வளாகத்திலேயே மேடாகிறது. காற்று வீசும் மாதங்களில் சாம்பலும் கரித்தூளும் வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் வந்து படிவதாக நரக்கள்ளி, பனையடி, இலந்தையடி மக்கள் ஆண்டாண்டாக முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் பேசுவது மூச்சைப் பற்றியும் மிளகாய்ச் செடியைப் பற்றியும். அது முதல் நியாயம். அதே தூள் தாழ்ந்த நிலங்களில் மழையோடு சேர்ந்து சேற்றுக்குப் போகும்போது என்ன ஆகும் என்பது அடுத்தது.

இதற்கு உலகில் கண்கூடான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி 1970-களில் ஓர் அனல்மின் நிலையத்துக்காக அமைந்தது. சாம்பல் குட்டையின் நீர் அதில் விழுந்தது. நீரில் இருந்த செலேனியம் சொற்பமே, ஒரு லீற்றருக்கு மைக்ரோகிராம் கணக்கில். ஏரியில் இருந்த 20 மீனினங்களில் 19 அழிந்தன. அந்தச் சொற்ப அளவை நஞ்சாக்கியதில் பெரும் பங்கு நுண்ணங்கிகளுக்கும் பாசிகளுக்கும் உண்டு. அவை கந்தகம் என்று எண்ணிச் செலேனியத்தைத் தம் புரதங்களில் சேர்த்துக்கொண்டன. அடுத்த படியில் புழுவும் பூச்சியும், அதற்கடுத்த படியில் மீனும் அதைத் தின்றன. மீன்கள் முட்டையிட்டன, குஞ்சுகள் உருக்குலைந்து பிறந்தன. நீரை மட்டும் அளந்திருந்தால் யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டனில் 2008 டிசம்பர் 22-ஆம் நாள் சாம்பல் குட்டையின் அணை உடைந்து, நாற்பது இலட்சம் கன மீற்றருக்கும் மேற்பட்ட சாம்பல் ஆற்றில் சரிந்தது. பின்னர் அங்கே ஆராய்ந்தவர்கள், மேலே ஓடும் ஆற்று நீரில் ஆசனிக்கு பெரிதாக ஏறவில்லை, அடிச் சேற்றின் துகள்களுக்கிடையே உள்ள நீரில்தான் திரண்டிருக்கிறது என்று கண்டார்கள். ஒட்சிசன் தீர்ந்த சேற்றில் நுண்ணங்கிகள் இரும்புத் துருவைச் சுவாசித்துக் கரைக்கின்றன. துருவில் ஒட்டியிருந்த ஆசனிக்கும் அதோடு விடுபடுகிறது. வங்காளத்துக் குழாய்க் கிணறுகளை நஞ்சாக்கியதும் இதே வகை நுண்ணங்கிகளின் வேலை என்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

செம்புக்கும் ஈயத்துக்கும் காவலாக நிற்கும் அதே கரிய சேறு, ஆசனிக்குக்குச் சில நிலைகளில் வாசலைத் திறந்துவிடுகிறது. இரசத்துக்கோ நிலைமை இன்னும் மோசம். நிலக்கரி எரியும்போது ஆவியாகும் இரசம் எங்காவது விழத்தான் வேண்டும். சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்களில் சில அதை மெதைல் இரசமாக மாற்றுகின்றன. மினமாட்டாவில் மக்களை முடமாக்கிய அதே சேர்வை. அதற்கான மரபணு இணை 2013-இல்தான் கண்டறியப்பட்டது. எந்தச் சேற்றில் அந்த மரபணு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று இன்று பார்க்க முடியும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எண்ணூர் நினைவுக்கு வரும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்ததும், மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனதும் அண்மைய வரலாறு. இறால் தடவிப் பிடித்த கைகளில் சாம்பல் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. கற்பிட்டிக் குடாநாட்டில் அந்த அளவுக்கு நிலைமை போகவில்லை. போகாமல் இருக்கும்போதே அடிச்சேற்றை அளந்து பதிந்துவைத்தால்தான், நாளை மாற்றம் வரும்போது அதை மாற்றம் என்று நிறுவ முடியும்.

அறுவக்காட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மீதொட்டமுல்லக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14-இல் சரிந்து உயிர்களைக் கொன்றபின், கொழும்பின் குப்பையைச் சுண்ணக்கல் வெட்டி முடித்த அறுவக்காட்டுப் பள்ளங்களுக்கு அனுப்பும் திட்டம் வேகம் பெற்றது. புத்தளம் மக்கள் 2018-இல் ‘க்ளீன் புத்தளம்’ என்ற பெயரில் வீதிக்கு வந்து சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்த போராட்டம் அது. என் மனம் அவர்கள் பக்கம்தான். சுண்ணக்கல் நீரில் கரைந்து வெடிப்பும் குகையுமாகும் பாறை. அடியில் எவ்வளவு நல்ல விரிப்பைப் போட்டாலும், மின்கலமும் மின்னணுக் கழிவும் கலந்த குப்பையின் சாறு ஒரு வெடிப்பைக் கண்டுவிட்டால் களப்பு அருகில்தான் இருக்கிறது.

கற்பிட்டி மணற்பாங்கின் நைத்திரேற்றுச் சிக்கலையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மணல் எதையும் பிடித்துவைக்காது. போட்ட பசளை கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை இங்கே பல கிணறுகள் தாண்டியிருப்பது பலமுறை பதிவாகியுள்ளது. நிலத்தடியால் நகர்ந்து களப்புக்கு வரும் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புபவை கரையோரச் சேற்றுப் பற்றீரியாக்கள். களப்பு பாசி பிடித்து நாறிப்போகாமல் இருப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. உலோகம் மிகுந்தால் இந்த வேலை தளர்கிறது, கடைசிப் படி பெரும்பாலும் முதலில் தடைப்படுகிறது. அப்போது நைதரசனுக்குப் பதில் நைத்திரசு ஒட்சைட்டு வெளியேறுகிறது. அது காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லியைத் தோட்டத்துக்கு அடிக்கும்போது, அது களப்போரத்தில் இருக்கும் இந்தச் சுத்திகரிப்பாளர்களிடமும் போய்ச் சேரலாம் என்ற எண்ணம் நமக்கு வேண்டும்.

இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல பற்றீரியாக்களில் ஒரே மரபணுத் துண்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. உலோகம் நிறைந்த சேறு முதலாவதைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாவதும் கூடவே வளர்கிறது. மருந்தே விழாத இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருக இது ஒரு வழி. மருந்தும் உலோகமும் சேர்ந்து விழக்கூடிய பண்ணை வாய்க்காலில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

அளக்கும் முறைகள் ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. ஒரு கரண்டிச் சேற்றில் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றுவது வயலிலேயே செய்யக்கூடிய சோதனை. சேறு சீறிக் கொதித்து, அடங்கியபின் பீ.எச். 3-க்குக் கீழே இறங்கினால் பைரைற்று இருக்கிறது என்று பொருள். வெட்டுமுன் யோசிக்க வேண்டும். அடுத்தது, சேற்றில் உள்ள சல்பைட்டின் அளவையும் அதோடு சேர்ந்து விடுபடும் உலோகங்களின் அளவையும் ஒப்பிடுவது. சல்பைட்டு மிஞ்சியிருந்தால் உலோகம் பூட்டியிருக்கிறது. உலோகம் மிஞ்சினால் பூட்டு போதவில்லை. இந்த முறை 1990-களின் தொடக்கத்திலிருந்தே உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. மூன்றாவது முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்வீடன் ஆய்வாளர் ஹன்ஸ் பிளாங்க் 1988-இல் முன்வைத்தது. கல்லில் படிந்த பாசிப் படலத்தை எடுத்து அதற்குச் சிறிது சிறிதாகச் செம்பைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சுத்தமான இடத்துப் படலத்தைவிட அது அதிகம் தாங்கினால், அந்த இடம் முன்பே செம்பைக் கண்டிருக்கிறது. தண்ணீர் மாதிரி எடுத்த அன்று உலோகம் இல்லாமல் இருக்கலாம், படலம் கடந்த மாதங்களுக்கும் சாட்சி சொல்லும். கற்பிட்டியில் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் பிராந்திய நிலையம் இருக்கிறது, வயம்பப் பல்கலைக்கழகத்தில் நீருயிரின வளர்ப்புத் துறை இருக்கிறது. மாரிக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை சேற்றை எடுக்கும் ஒழுங்குமுறையை இவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. கலா வாவியிலிருந்து புறப்படும் ஜய கங்கைக்கு அண்மையில் உள்ள எப்பாவல பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அகழ்ந்தெடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர்மக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதியரசர் அமரசிங்க 2000-இல் எழுதிய தீர்ப்பு, வருமுன் காக்கும் கோட்பாட்டை ஏற்று, முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியாமல் அந்த ஒப்பந்தம் கூடாது என்றது. மதிப்பீடு என்றால் எதை அளக்க வேண்டும் என்ற பட்டியலில் அடிச்சேற்றையும் அதன் நுண்ணங்கிகளையும் சேர்க்க இந்தத் தீர்ப்பின் நியாயமே போதும்.

இதற்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. கைவிட்ட இறால் குளங்களில் கண்டலை மீட்கும் வேலை இந்தக் கரையில் நடக்கிறது. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024-இல் ஐக்கிய நாடுகள் உலக முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய செய்தி. அதோடு 2017-இல் வெளியான ஆய்வையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சுனாமிக்குப் பின் கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்த அந்த ஆய்வில், 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சியிருக்கவில்லை. பிழையான இடமும் பிழையான இனமும் பராமரிப்பின்மையும் அதற்குக் காரணங்கள். காய்ந்து அமிலமேறிய குளத்தடியில் கன்றை நடுவதும் பிழையான இடத்தில் நடுவதே.

நடுவதற்கு முன் நீரை விட வேண்டும். அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகருக்கு அருகே ஈஸ்ற் ட்ரினிட்டி என்ற இடத்தில் 1970-களில் கரும்புக்காக அணை கட்டி வற்றவைத்த கண்டல் நிலம், சுரங்க ஓடைகளைப் போல அமிலம் கக்கத் தொடங்கியது. 2000-களின் தொடக்கத்தில் அணையின் மதகைத் திறந்து, சுண்ணாம்பு சேர்த்துக் கடல்நீரைப் படிப்படியாக உள்ளே விட்டார்கள். சேற்றில் ஒட்சிசன் தீர்ந்தது, சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் திரும்பின, பீ.எச். ஏறியது, கண்டலும் மீனும் வந்தன. முதலில் திரும்பியவை நுண்ணங்கிகள், மரம் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. ஆனால் நீர் திரும்பிய தொடக்கக் கட்டத்தில், துருவில் ஒட்டியிருந்த ஆசனிக்கு சில இடங்களில் கரைந்து சேற்று நீரில் ஏறியதையும் அங்கே பதிவுசெய்திருக்கிறார்கள். புத்தளத்தில் ஒரு பழைய பண்ணையின் அணையை உடைக்கப் போகிறவர்கள் முதலில் அந்த அடிமண்ணின் பைரைற்றையும் ஆசனிக்கையும் அளக்க வேண்டும். அமிலம் கூடியிருந்தால் பாலாவிப் பக்கத்துச் சுண்ணாம்பை முன்கூட்டியே இட்டு, நீரை ஒரே நாளில் விடாமல் படிப்படியாக விட வேண்டும். முதல் மாரி முடியும்வரை அந்த வாய்க்காலில் மட்டி எடுப்பதை நிறுத்திவைத்து, அதற்கான இழப்பீட்டை மட்டி எடுக்கும் பெண்களுக்குத் திட்டப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.